நிலை

அவசர அழைப்பு மையத்தில் என் திரைக்கு
ஐந்து கட்டங்கள்:
பெயர், இடம், நடந்தது, நிலை, குறிப்பு.

கார்னர் புரூக், பிப்ரவரி, இரவு பதினொன்றே கால்.
வெர்னா கில்லம் பேசினாள், அல்லது
அவள்மேல் ஏறி நின்று காற்று பேசியது.
பனிவண்டி. கணவன் ஹெட்லி. ஐஸ்.
பிறகு ஸ்டெடி என்று ஒரு சொல் மட்டும்
தெளிவாக, தனியாக வந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.
ஸ்டெடி தெரியாதா?
கல்யாண மண்டபத்தில் நாலாவது ரவுண்டுக்குப் பின்
சுவரைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா சொல்வதுதானே.
நிலை என்ற கட்டத்தில்
'சீராக இருக்கிறார்' என்று தட்டினேன்.

ஸ்டெடி, ஸ்டெடி என்றாள் மறுபடியும்.
இப்போது ஊர்ப் பெயராகப் பட்டது.
ஸ்டெடி புரூக் பக்கம்தான்,
சறுக்கு மலை உள்ள ஊர், போயிருக்கிறேன்.
எந்தத் தெரு என்று கேட்டேன்.
தெருவா என்று அவள் அலறியது
ஹெட்செட்டைத் தாண்டி அடுத்த மேசைக்குக் கேட்டது.

அடுத்த மேசையில் கிரெய்க் பென்னல்,
வாயில் பாதி சாண்ட்விச்,
"அது தண்ணிடா" என்றான்.
"ஆத்துல ஓட்டம் அடங்கி நிக்கிற இடம், அதுதான் ஸ்டெடி.
அந்தாளு அதுக்குள்ள கிடக்கான்."

ஒரு ஏழாம் வேற்றுமை உருபு.
காற்று கொண்டுபோனது அவ்வளவுதான்.

பிறகு அவன் கேட்க அவள் சொன்னாள்:
டோல்ட்டைத் தாண்டி,
ட்ரோக் வழியாக இறங்கி,
ராட்டில் ஓய்கிற இடத்தில், ரெண்டாவது ஸ்டெடி.
தனிக் குன்று, மரம் அடைத்த பள்ளம்,
கல்லில் இரையும் நீர்
என்று கிரெய்க் எனக்குப் பக்கவாட்டில் எறிந்துகொண்டே வந்தான்.
என் வரைபடத்தில் அங்கே
ஒரு நீலக் கோடு, மற்றதெல்லாம் பச்சை வெறுமை.
அவளோ அடுக்களையில் உப்பு டப்பா எங்கே என்பதுபோல
வழி சொன்னாள்.

டெவனிலிருந்தும் டார்செட்டிலிருந்தும் காட் மீனுக்கு வந்தவர்கள்
உப்பு மூட்டையோடு இறக்கிய சொற்களாம்.
புறப்பட்ட கரையில் பாதி செத்துவிட்டன.
ட்ரோக் அங்கே வெறும் சாக்கால்வாய்;
கடல் கடந்ததும் பள்ளத்தாக்கு ஆகிவிட்டது.
எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.
டிக்கிள் என்று முடியும் ஊர்களைப் பார்த்து
கிச்சுக்கிச்சு என்று சிரித்திருக்கிறேன்;
அது இரண்டு பாறைக்கு நடுவே
படகை நசுக்கும் கடல்.

எங்கள் ஆற்றிலும் உண்டு, கசம் என்போம்.
ஓடுகிற தண்ணி ஒன்றும் செய்யாது,
நிற்கிறதுதான் ஆளை எடுக்கும்
என்பது ஐந்து வயதிலேயே எனக்குத் தெரியும்.
கசத்தை ஒருத்தி இங்கிலீஷில் கத்துவாள் என்று
தெரியாது.

நாற்பத்தொரு நிமிடம்.
ரெண்டு பனிவண்டிகளில் போனவர்கள்
ஏணியைப் படுக்கப்போட்டு இழுத்தார்கள்.
இடது காலில் இரண்டு விரல் போயிற்று.
மீதி ஹெட்லி மார்ச்சில் வீட்டுக்குப் போனார்.
அந்த நாற்பத்தொன்றில் மூன்று நிமிடம் என்னுடையது.
யாரும் கேட்கவில்லை.

விடியும் முன் பதிவைத் திறந்தேன்.
எழுதியதை அழிக்க முடியாது, கீழே சேர்க்கலாம்.
நீர்நிலை வகை என்று பட்டியல் கேட்டது:
ஏரி, குளம், ஆறு, மற்றவை.
மற்றவை.

23:17 — நிலை: சீராக இருக்கிறார்.
05:40 — திருத்தம்: சீராக இருந்தது தண்ணீர்.
கால் ஊன்ற
அங்கே நிலை கிடையாது.